அர்மீனியஸ் சொன்னதும் சொல்லாததும்

"மனுஷன் தன் சுயபலத்தாலேயே தேவனைத் தெரிந்துகொள்ளலாம் என்று அர்மீனியஸ் போதித்தார், அதனால்தான் டார்ட் சங்கம் அவரை அழைத்து விசாரித்தது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு பிரதர்.

முதலில் தேதி. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்த அர்மீனியஸ் 1609 அக்டோபரில் இறந்துவிட்டார். டார்ட் சங்கம், அதாவது நெதர்லாந்தின் டார்ட் நகரில் நடந்த சீர்திருத்த சபைகளின் மாநாடு, கூடியது 1618 நவம்பரில். அங்கே போய் நின்றவர்கள் எபிஸ்கோபியஸ் முதலான அவர் வழிவந்தவர்கள்.

சரி, போதனைக்கு வருவோம். அர்மீனியஸ் வழிவந்தவர்கள் 1610-ல் முன்வைத்த அறிக்கையின் ஐந்து பிரிவுகளில் மூன்றாவதை வாசித்துப் பாருங்கள். இரட்சிக்கும் விசுவாசம் மனுஷனிடம் தானாக இல்லை, சுயசித்தத்தின் பலத்தாலும் வராது, பரிசுத்த ஆவியால் மறுபடியும் பிறந்தாக வேண்டும் என்கிறது. இதற்கு எதிர்த்தரப்பான, சீர்திருத்தவாதி கால்வினின் வழியினரே ஆமென் சொல்லிவிடலாம்! நாலாவதில்தான் சண்டை. எல்லா நன்மைக்கும் தொடக்கமும் தொடர்ச்சியும் முடிவும் கிருபையே என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் அந்தக் கிருபையை மனுஷன் எதிர்த்து நிற்க முடியும் என்றார்கள். டார்ட் அதை ஏற்கவில்லை. (முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது, பற்றியும் மோதல் உண்டு, அது தனிக் கதை.) சுயபலம் பேசியவர் வேண்டுமென்றால் ஐந்தாம் நூற்றாண்டுப் பெலாகியஸிடம் போங்கள்.

அப்புறம், "கால்வினிஸ்டுகளுக்கு மனுஷன் வெறும் பொம்மை" என்று அந்தப் பதிவுக்குப் பதில் போட்டவருக்கும் ஒரு வார்த்தை. கிருபை மனுஷரை மரக்கட்டை போல நடத்துவதில்லை, சித்தத்தைப் பறிப்பதுமில்லை என்று டார்ட் தீர்மானங்களே, மூன்று-நான்காம் பிரிவின் 16-ஆம் பத்தியில், சொல்கின்றன. அந்த விளக்கம் போதுமா என்று தாராளமாக வாதாடுங்கள், ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.