டிஸ்கை மாற்றி மாட்ட ஃபார்மட் எதற்கு?

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸ் அப்படியே ஓடுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆகாது சார், ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் பதில். எக்ஸ்பி காலத்துக்கு அது சரி. மதர்போர்டு மாறினால் டிஸ்க் கன்ட்ரோலருக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்காது, நீலத்திரைதான். விண்டோஸ் 10, 11 அப்படி அடம்பிடிப்பதில்லை. முதல் பூட்டில் 'கெட்டிங் டிவைசஸ் ரெடி' என்று சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகும், பிறகு டெஸ்க்டாப் வந்துவிடும். இன்டெலிலிருந்து ஏஎம்டிக்குப் போனாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனால் பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. பேக்கப் எடுப்பதைச் சொல்லவே வேண்டாம்.

முக்கியமானது பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன். "நான் போடவே இல்லையே" என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதைத் திறக்கும் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்தது. வேறு போர்டில் மாட்டியதும் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த ஈமெயில் என்றே மறந்துவிட்டால், டிஸ்கில் இருப்பதை மறந்துவிடலாம். செட்டிங்ஸில் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுக்க முடிந்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

பின் நம்பரும் கைரேகையும்கூட டிபிஎம்மை நம்பியவை. புதிய போர்டில் பாஸ்வேர்ட்தான் கேட்கும். வருஷக்கணக்காகப் பின்னை மட்டுமே தட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பாஸ்வேர்டை மாற்ற நெட் வேண்டும், வைஃபைக்கோ டிரைவர் இல்லை. முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப் வந்த பிறகும் வைஃபை இல்லையென்றால், ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே நெட் வரும்.

கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய மெஷினின் கெர்னல் (விண்டோஸின் உள்மையம்) நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிடும், புதிய மெஷின் அதையே ஏற்றப் பார்க்கும்.

இனி மாட்டிய பிறகு. பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் லோகோவும் வருகிறது, உடனே 'இன்ஆக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை. இதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. பல சமயம் காரணம் விஎம்டி, அதாவது டிஸ்கை இன்டெல் தன் வழியில் கையாளும் அமைப்பு. 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இது ஆன் ஆகியே வரும். பழைய விண்டோஸில் அதற்கு டிரைவர் இருக்காது. பயோஸில் விஎம்டியை ஆஃப் செய்தால் பூட் ஆகிவிடும். பழைய மெஷின் ரெய்டு (டிஸ்கைக் கையாளும் இன்னொரு முறை) அல்லது விஎம்டியில் ஓடி, புதியது ஏஎச்சிஐ என்ற சாதாரண முறையில் இருந்தால் ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்கினால் போதும். சேஃப் மோடில் எல்லா ஸ்டோரேஜ் டிரைவரையும் விண்டோஸ் முயன்று பார்க்கும். விண்டோஸே ஏறாதபோது சேஃப் மோடுக்கு எப்படிப் போவது? லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ரிகவரி திரை வரும், அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம்.

டிஸ்கே பூட் லிஸ்ட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் எம்பிஆர், ஜிபிடி தகராறு: டிஸ்கைப் பிரித்துவைக்கும் பழைய முறையும் புதிய முறையும். பழைய விண்டோஸ் லெகசி மோடில் (பழைய பயோஸ் பூட் முறை, எம்பிஆரோடு வருவது) போட்டதாக இருந்தால், அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புதிய போர்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கழற்றும் முன் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயோஸ் மோட்' வரியைப் பாருங்கள். லெகசி என்றிருந்தால் விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்-டூ-ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித்தரும்.

எம்.2 டிஸ்கில் (போர்டிலேயே செருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டி) இன்னொரு வம்பு: ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. இதில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு; சாட்டா வகை எம்.2, என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் தெரியவே தெரியாது.

லினக்ஸ்காரர்களுக்கு இத்தனை தொல்லை இல்லை. உபுண்டு பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும். ஃபெடோராவில் அடம்பிடித்தால் ரெஸ்க்யூ கெர்னலில் ஏறி இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின்போது ஏறும் டிரைவர் தொகுப்பு) புதிதாகக் கட்டினால் சரி.

லைசென்ஸ்? லேப்டாப்போடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த போர்டோடு சரி. தனியாக வாங்கிய ரீடெயில் கீ என்றால் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைந்திருக்க வேண்டும். இதுவும் பழைய மெஷினிலேயே முடிக்க வேண்டிய வேலை.