சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டால் பொறுப்பு வந்துவிடுமா?

இணையத்தில் சுற்றும் அந்த ‘டோபமைன் டீடாக்ஸ்’ (இன்பம் தருவதையெல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கிவைப்பது) காணொளியைப் பற்றித்தான் சொல்கிறேன். பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ‘உனக்காகவே பேசியிருக்கிறார்’ என்று, ஏடிஎச்டி (கவனத்தையும் துடிப்பையும் கட்டுப்படுத்துவது கடினமாகிற மூளை வளர்ச்சி நிலை) இருக்கும் என்னை டேக் வேறு செய்தார்கள். பாட்டு, கேம், போன் எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்தினால் ஏடிஎச்டி தானாக அடங்கிவிடுமாம்.

அடங்காது. டோபமைன் கழுவி வெளியேற்றுகிற நஞ்சு இல்லை, ஊக்கத்துக்காக மூளையே சுரக்கும் வேதிப்பொருள். 2009-ல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மருந்தே எடுத்திராத ஏடிஎச்டி பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. இன்பத்தையும் ஊக்கத்தையும் கையாளும் பகுதிகளில் டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தெரிந்தன. ஆறு மாதம் கழித்து வரும் பலன் எங்களில் பலரை நகர்த்துவதில்லை. பக்கத்தில் இருப்பதுதான் நகர்த்தும். அந்தப் பக்கத்துச் சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டு ‘இப்போது ஓடு’ என்றால் எப்படி ஓடுவது?

பள்ளி இறுதி ஆண்டில் என் படம் வரையும் நோட்டுகளைப் பரீட்சை முடியும்வரை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் படிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்துகொண்டே பாடம் கேட்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சோம்பேறி என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

‘அப்படியானால் விடிய விடிய ரீல்ஸ் பார்க்கலாமா?’ கூடாது. போதை, சூதாட்டம், தூக்கத்தைத் தின்னும் திரை எல்லாம் எங்களுக்குக் கூடுதல் ஆபத்து. அதை மறுக்கவே இல்லை.

‘இது எல்லாருக்கும் இருப்பதுதானே?’ இதுதான் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் எப்போதாவது மறக்கும், தள்ளிப்போடத் தோன்றும். கட்ட வேண்டிய பணம் கையில் இருந்தும், கடைசித் தேதி தெரிந்தும், கட்ட உட்கார முடியாமல் அழுதிருக்கிறீர்களா? பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, வேலை, உறவு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது பாதித்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரையே வைப்பார்.

நான் கேட்பது கட்டுப்பாடற்ற வாழ்க்கை இல்லை. சந்தோஷத்தை வேலைக்குப் பக்கத்தில் வைக்க விடுங்கள். பிடித்த பாட்டோடு கணக்கு எழுதுகிறேன், நண்பன் கூட உட்கார்ந்தால் படிவம் நிரப்புகிறேன். மாத்திரையும் தூக்கமும் உடற்பயிற்சியும் இதோடு சேர்ந்ததுதான். என் எதிர்காலத்தை நான் இப்படித்தான் காப்பாற்றுகிறேன். இன்பமே வேண்டாம் என்று உட்கார்ந்த நாட்களில் ஒரு வேலையும் நடந்ததில்லை. அந்த வெறுமையில்தான் கை தானாகப் போனுக்குப் போகும்.

ஒழுக்கம் ஒழுக்கம் என்கிறீர்கள். பிறந்ததிலிருந்து எங்கள் காதில் விழுந்தது அது ஒன்றுதானே?

அந்தக் காணொளியின் கீழே ஒரு பையன், ‘அப்பா இதைப் பார்த்துவிட்டு என் கிட்டாரை எடுத்து வைத்துவிட்டார்’ என்று எழுதியிருக்கிறான். பகிர்ந்தவர்கள் எனக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, முதலில் அவனுக்குப் பதில் எழுதுங்கள்.