தெரியாத பாட்டைத் தொடும்போது பொறுப்பு கூடுகிறது

'க்ளோஸ் டு யூ' என்றதும் கார்பென்டர்ஸ் இரட்டையரில் பாடகியான கேரன் கார்பென்டர் குரல்தான் காதில் ஒலிக்கும். 1970இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பதிவு அது. ஆனால் அமெரிக்க இசையமைப்பாளர் பர்ட் பேக்கரக் மெட்டுப்போட்டு ஹால் டேவிட் எழுதிய அந்தப் பாட்டை நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லின் 1963இலேயே பாடிவிட்டார். பிறகு பாடகி டியோன் வார்விக்கும் பாடினார். ஏழு வருஷம் அது பெரிதாக எடுபடவில்லை. கேரனின் அண்ணன் ரிச்சர்ட் கார்பென்டர் கைக்கு வந்தது மெட்டும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) குறித்த ஒரு தாள். அவர் பழைய பதிவைப் பின்பற்றாமல் மெதுவாக, துள்ளலாக ஆடும் ஷஃபிள் நடையில் பாட்டைப் புதிதாகக் கட்டினார். நடுவில் மெட்டு மாறி வரும் பிரிட்ஜ் பகுதி முடியும் இடத்தில் பியானோவில் இரண்டு முறை வரும் ஐந்து ஸ்வரக் கொத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்.

பேக்கரக்கின் அதிகம் அறியப்படாத பாடல்களை வைத்து அவருக்கு மரியாதையாக ட்ரிபியூட் ஆல்பம் செய்ய நினைக்கிற எவரும் இந்த வரலாற்றை மனசில் வைக்க வேண்டும். 'வாக் ஆன் பை' மாதிரி ஊரறிந்த பாட்டை எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். கேட்பவர் நினைவில் அசல் இருக்கிறது, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பது அவருக்குப் புரியும். தெரியாத பாட்டில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலானோருக்கு உங்கள் பதிவுதான் அந்தப் பாட்டு. அதனால் முதல் சரணமாவது மெட்டு மாறாமல், வார்த்தை தெளிவாக, குறைந்த வாத்தியத்தோடு வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளையாட்டெல்லாம் இரண்டாம் சரணத்துக்குப் பிறகு.

அறியப்படாதது என்பதாலேயே ஒன்று நல்ல பாட்டாகிவிடாது. 1973இல் வந்த 'லாஸ்ட் ஹொரைசன்' படம் படுதோல்வி, பேக்கரக்–டேவிட் கூட்டணியே அதோடு உடைந்தது. அந்தப் படப் பாடல்களில் மெட்டு நுணுக்கமாக இருந்தாலும் வரிகள் உபதேசமாக நிற்கின்றன. ஒன்றுக்கு மேல் எடுக்க மாட்டேன். பாப் ஹில்லியர்ட் வரிகளில் தி ட்ரிஃப்டர்ஸ் குழு பாடிய 'மெக்ஸிகன் டிவோர்ஸ்' கட்டாயம் வேண்டும். அதன் ஒலிப்பதிவில் பின்குரல் பாட வந்தபோதுதான் வார்விக் பேக்கரக்கின் கண்ணில் பட்டார். 1968 பிராட்வே இசைநாடகமான 'ப்ராமிசஸ், ப்ராமிசஸ்'ஸிலிருந்து 'ஹூஎவர் யூ ஆர், ஐ லவ் யூ', 1971ஆம் வருஷத்து 'ஹாஸ்ப்ரூக் ஹைட்ஸ்' இரண்டும் வேண்டும். நடுவில் மூச்சுவிட, பேக்கரக் தன் மகள் பெயரில் அமைத்த 'நிக்கி' என்ற வாத்திய இசை. பியானோவும் குரலும் மட்டும் வைத்துப் பாடிப் பார்த்தால் நிற்கிற பாட்டு ஆல்பத்திலும் நிற்கும். ஸ்ட்ரிங்ஸ் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிற பாட்டை விட்டுவிடுங்கள்.

பெரிய சிக்கல் தாளத்தில்தான். பேக்கரக் வார்த்தையின் நீளத்துக்கு ஏற்ப பாரை (தாள அடிகளின் ஒரு சுற்றை) நீட்டுவார், சுருக்குவார். 'ஐ சே எ லிட்டில் ப்ரேயர்' கோரஸில் (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதியில்) 4, 3, 4 என்று பதினோரு அடி. 'எனிஒன் ஹூ ஹேட் எ ஹார்ட்' 4/4இலிருந்து (பாருக்கு நான்கு அடி) 5/4க்குத் தாவும், ஓரிடத்தில் 7/8 பாரும் உண்டு. பிரபலமான பாட்டிலேயே இப்படி என்றால், யாரும் பாடிப் பழகாத பாட்டில் சறுக்குவது சுலபம். ஒரே 4/4 க்ளிக்கைப் (அடி காட்டும் டிக்-டிக் ஒலியை) போட்டுவிட்டுப் பதிவைத் தொடங்கினால் ட்ரம்மர் தன்னையறியாமல் ஓர் அடி சேர்த்துச் சமன்படுத்துவார். பாடகருக்கு இல்லாத இடத்தில் மூச்சு கிடைக்கும், ஏங்கி நிற்க வேண்டிய வரி சொகுசாக உட்கார்ந்துவிடும். எங்கே கெட்டது என்று கேட்பவரால் சொல்ல முடியாது. பாட்டு சாதாரணமாகிவிட்டது என்று மட்டும் தெரியும்.

அதனால் முதலில் மெட்டு இல்லாமல் வரிகளை வாசித்து அழுத்தம் விழும் அசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கேற்பப் பார் பாராக மீட்டர் (அடிக் கணக்கு) மாற்றங்களை க்ளிக்கில் ஏற்றி, ஒவ்வொரு பாரின் முதல் அடிக்கும் தனி ஒலி வையுங்கள். மற்றவர்களுக்கு வழிகாட்டத் தற்காலிகமாகப் பதியும் கைடு பியானோவும் கைடு குரலும் எடுத்த பிறகே ட்ரம்ஸ். ட்ரம்மர் கையில் இருக்கும் தாளில் பாட்டு வரியும் இருக்க வேண்டும், எண்ணிக்கொண்டு வாசிப்பவரை வரி தெரிந்து வாசிப்பவர் எளிதாக மிஞ்சிவிடுவார். குரலை க்வான்டைஸ் செய்யவே (மென்பொருளால் அடிக்கு நேராக நகர்த்தவே) கூடாது. வார்விக் அடிக்குச் சற்றுப் பின்தங்கிப் பாடும் இடங்களில்தான் அந்தப் பாடல்களுக்கு உயிர்.

சுருதியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் கோரஸின் உச்ச ஸ்வரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பேக்கரக்கின் சரணங்கள் தாழ்ந்த இடத்தில் தொடங்கித் திடீரென ஏறும். உச்சிக்காக மூன்று செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கினால் சரணத்தின் முதல் வரி மைக்கில் காற்றாகப் போய்விடும். ஒவ்வொரு செமிடோனாக இறக்கி, இரண்டு முனையையும் பதிவு செய்து கேட்டு முடிவெடுங்கள். வாத்தியத்தில் ஒரே பிடிவாதம்: பேக்கரக்கின் அடையாளமான ஃப்ளூகல்ஹார்ன் (ட்ரம்பெட் போன்ற, மென்மையாக ஒலிக்கும் ஊதுவாத்தியம்) வரியைக் கீபோர்டு ப்ராஸால் நிரப்பாதீர்கள். வாசிக்க ஆள் இல்லையென்றால் கிளாரினெட்டுக்கோ தாழ்ந்த குரல் ஹம்மிங்குக்கோ கொடுங்கள்.

பல பாடகர்கள் பல ஸ்டுடியோவில் பாடும் ஆல்பம் என்றால் ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் ஒரே குறிப்பு அனுப்ப வேண்டும்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மிக்ஸின் மொத்த ஒலியில் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) கூடாது, உச்சம் −6 டெசிபலைத் தாண்டக் கூடாது. லிமிட்டர் போட்டு நசுக்கி வந்த மிக்ஸை மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) மீட்க வழியில்லை. எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்கு ஏற்றுவதும் தவறு. பியானோ மட்டும் உள்ள பாட்டு இரண்டு மூன்று டெசிபல் தாழ்ந்து நின்றால்தான் அடுத்த பாட்டின் ட்ரம்ஸுக்கு மதிப்பு.

உரிமையில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, ஏற்கெனவே வெளியான பாட்டை நிர்ணயித்த கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய அனுமதிக்கிறது. 2025இல் ஐந்து நிமிடம் வரையிலான பாட்டுக்குப் பிரதிக்கு 12.7 சென்ட்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 12 பாட்டு, 1,000 சிடி என்றால் 1,524 டாலர். நடைக்கு ஏற்றபடி இசையமைக்கலாம், அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றக் கூடாது. ஆனால் இதுவரை வெளியாகாத டெமோ கையில் கிடைத்தால் இந்த வழி செல்லாது, உரிமையாளர் நேரடியாகச் சம்மதிக்க வேண்டும். வீடியோ எடுத்தால் அதற்கும் தனி அனுமதி. பேக்கரக் பலரோடு சேர்ந்து எழுதியவர் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை யார் யாரிடம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். உறையில் ஒவ்வொரு பாட்டின் கீழும் வரி எழுதியவர், முதலில் பாடியவர், அந்த வருஷம் மூன்றும் கட்டாயம் வர வேண்டும், டிஜிட்டல் வெளியீட்டின் விவரப் பகுதியிலும்.