முகம் என்னுடையது, படம் யாருடையது?

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கல்யாணம். தாலி என் கழுத்தில், புடவை என் காசு, பக்கத்தில் அசடு வழிய நிற்பவர் என் வீட்டுக்காரர். படம் மட்டும் எடுத்தவருடையதாம்! பாட்டிக்குப் பெரிதாக ஒரு பிரிண்ட் போடலாமென்று தேக்கா பக்கம் போனால், “அனுமதிக் கடிதம் இருக்காம்மா?” என்கிறார் கடைக்காரர். என் மூக்குத்தியைப் பெரிதாக்க எனக்கே அனுமதியா?

2021 நவம்பர் 21-க்கு முன்னால் சிங்கப்பூரில் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் பதிப்புரிமை. புதுச் சட்டத்தில், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் எடுத்தவருக்கு. 2019-ல் கட்டிக்கொண்ட அக்கா தப்பித்தாள். நான் 2023. ஒப்பந்தத்தைப் படித்தேனா? பூக்காரரைத் துரத்தவே நேரமில்லை, இதில் பத்தி பத்தியாக யார் படிப்பது?

சரி, அவர் கண், அவர் உழைப்பு. பேர் போடச் சொன்னால் போடுகிறேன். ஆனால் ஃபில்டர் போட்டதற்கு ஒரு வாட்ஸ்அப், ஓரத்தை வெட்டியதற்கு இன்னொன்று. வெட்டியது யாரை? சித்தப்பாவை! அவரே கோபப்படவில்லை. இன்னொரு பிரதி வேண்டுமென்றால் இவரிடமே, இவர் சொன்ன விலைக்கு.

ஈசூன் வீட்டில் பாட்டி ஆணி அடித்து வைத்து மூன்று மாதமாகிறது. இப்போது அதில் காலண்டர் தொங்குகிறது.