பிரஷர் மட்டும் பார்க்கிற சிஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூர் மருத்துவ முகாமில் நடந்ததை எல்லாரும் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள். "சிஸ்டர், நீங்க பிரஷர் மட்டும் பாருங்க, மத்ததை டாக்டர் சொல்வார்." நர்ஸான என்னைப் பார்த்து மைக்கில் சொன்னார்கள், அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்ய?

நான் செய்த குற்றம், ஒரு அம்மாவிடம் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க என்று கேட்டது. ஒரு மருந்தின் பெயர்கூடச் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். இந்த ஊரில் தெருமுனையில் பார்ப்பவர்கூட "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கன்னடத்தில் கேட்பார். நர்ஸ் கேட்டால்தான் வில்லங்கம்.

ஸ்ரீராமபுரத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். மருந்துச் சீட்டை பெர்மிட் கவருக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை ஏறியிருக்கும், மாத்திரையும் ஏறும். தினமும் பதினோரு மணிக்குக் கை நடுங்குமாம், சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்குமாம். உடனே சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ. கேட்டதில்தான் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வண்டியை எடுக்கிறார். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும், நடுக்கமும் வேர்வையும் அதனால்தான். டாக்டரிடம் எழுதி அனுப்பினேன், அவர்தான் மாற்றினார். நான் இல்லை. நான் கேட்டேன்.

"இதெல்லாம் ஃபங்ஷனல் மெடிசின், டுபாக்கூர்" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். ஆளுக்கு ஆள் சாப்பாடு, பழக்கம் பார்த்து நோயின் வேரைத் தேடுவதாகச் சொல்லும் முறை அது. அந்தப் பெயரைச் சொல்லி முடியையும் எச்சிலையும் சோதித்துவிட்டு டப்பா டப்பாவாகப் பவுடர் விற்பவர்களை எனக்கும் பிடிக்காது சார். அதற்காக, ஆளுக்கு ஆள் பார்த்துச் சொல்வதையும், வருமுன் காப்பதையும் அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட வேண்டுமா? 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கு 31தான். இதுவும் டுபாக்கூரா?

"நர்ஸ் டாக்டராக முடியுமா?" என்றும் கேட்கிறார்கள். யார் ஆகப் பார்த்தார்கள்? அமெரிக்காவின் கொலராடோவில் 1965-லேயே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, அதாவது நர்ஸுக்கான கூடுதல் பயிற்சி, தொடங்கிவிட்டது, அதுவும் குழந்தைகளை நோய் வராமல் பார்த்துக்கொள்ள. இந்தியாவில் அதை 2016-ல் கொண்டுவந்தார்கள், தீவிர சிகிச்சைக்கு. அதாவது தொண்டையில் குழாய் போட்ட பிறகு எங்களை நம்பலாம். பத்து வருஷம் முன்னால் போய் என்ன சாப்பிடுறீங்க என்றால் எல்லை மீறல்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சால்வை போட்டு போட்டோ எடுக்க இருபது நிமிஷம் இருந்ததே.

சர்க்கரை நோயாளியான எங்கப்பா ஒருநாள் முழுக்க ஷூவுக்குள் ஒரு கல்லோடு நடந்திருக்கிறார். தெரியவேயில்லை அவருக்கு. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதுவரை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான். பாதம் மரத்துப்போகுதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்போது நர்ஸிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நானும்தான் கேட்கவில்லை.

அதனால் கேட்பேன். மைக்கில் திட்டினாலும் கேட்பேன்.

அடுத்த ஞாயிறு இன்னொரு முகாமாம். கூப்பிட்டிருக்கிறார்கள். பிரஷர் மிஷினுக்கு பேட்டரி மட்டும் நானே வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம்.