நோட்டீஸில் கச்சேரி, பாலத்தில் ஊழியம்

கனடாவின் ஃபோர்ட் எரியிலிருந்து அமெரிக்காவின் பஃபலோ போகும் பீஸ் பாலத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரே ஒருமுறைதான் அந்தப் பக்கம் போன வேகத்தில் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் குழுவில் ஒன்பது பேர், வாடகை வேன், பின்னால் ஒரு டிரெய்லர். அதில் டிரம் செட், இரண்டு கீபோர்டு, தபேலா, அப்புறம் ஒரு அட்டைப் பெட்டி.

"எதற்காகப் போகிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். முன் சீட்டில் இருந்த அண்ணன், டொராண்டோவில் கிளம்பும்போதே சொல்லிக் கொடுத்திருந்தபடி, "சர்ச் விசிட்" என்றார். அதிகாரி கணினியில் எதையோ தட்டிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் ஒன்பது பேர் படமும் போட்ட கச்சேரி நோட்டீஸ். நுழைவுக் கட்டணம் 25 டாலர், குடும்பத்துக்கு 60. பிறகு டிரெய்லரைத் திறந்தார்கள். அட்டைப் பெட்டியில் 200 பென் டிரைவ், ஒவ்வொன்றிலும் 10 டாலர் என்று ஸ்டிக்கர்.

நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில், நுழைவதற்கான விண்ணப்பத்தை நீங்களாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம். அது பெரிய தயவு. உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டிருந்தால் ஐந்து வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க முடியாது.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் முகநூலில் "ஊழியத்துக்குத் தடை, சத்துருவின் போராட்டம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கீழே முந்நூறு ஆமென். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்களை யாரும் இயேசுவின் பெயருக்காகத் தடுக்கவில்லை. டிக்கெட் விற்றுவிட்டு இல்லை என்று சொன்னதற்காகத் தடுத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கச் சட்டம் சபைகளுக்கு உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே சபையில் வேலைக்கு அமராமல், ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, அங்கே விழும் காணிக்கையில் செலவைப் பார்த்துக்கொள்ளும் போதகர் பி-1 (B-1) என்ற வருகையாளர் வகையில் நுழையலாம். சம்பளம் வாங்காத அமெச்சூர் பாடகர்களும் வருகையாளராகவே போகலாம், கைச்செலவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் டிரம் வாசிக்கிற தம்பியைப் போதகர் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த கீபோர்டுக்காரர் அமெச்சூரும் இல்லை. நானும் அதில் ஒருவன், மறைக்க ஒன்றுமில்லை.

கட்டணம் வாங்கிப் பாட வேண்டுமென்றால் கலைஞர்களுக்கான பி வகை விசாதான் (இது P, மேலே சொன்ன B அல்ல) வழக்கமான வழி. கனடாக் குடிமக்களுக்குத் தூதரக முத்திரை தேவையில்லை, ஆனால் அந்தப் பக்கத்து அமைப்பு மனுப் போட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். அவர்கள் ஒப்புதல் வந்த பிறகு தூதரகத்துக்கும் போய் விசா வாங்க வேண்டும்.

"அதெல்லாம் ஆயிரக்கணக்கில் செலவு" என்பார்கள். பாதி உண்மை. 2024 ஏப்ரல் 1 முதல் பி (P) மனுக் கட்டணம் 460 டாலரிலிருந்து 1015 ஆனது, அதற்கு மேல் அசைலம் கட்டணம் (தஞ்சம் கேட்போர் விண்ணப்பச் செலவுக்காக வாங்குவது) 600. ஆனால் லாப நோக்கமற்ற அமைப்புக்கு 510 தான், அசைலம் கட்டணமும் கிடையாது. சபை அந்தப் பட்டியலில் வரும். எங்கள் வேன், டிரெய்லர் வாடகையே அதைவிட அதிகம்! நேரம்தான் உண்மையான சிக்கல். மாதக்கணக்கில் ஆகும். 15 வேலை நாளில் பதில் வேண்டுமென்றால் தனியாக 2805 டாலர் என்று அதே 2024-ல் ஆக்கினார்கள். ஒரு மனுவில் 25 பெயருக்கு மேல் போட முடியாது, ஆகவே நாற்பது பேர் கொண்ட குவயருக்கு இரண்டு மனு. இதையெல்லாம் அநியாயம் என்று யாராவது எழுதினால் நானும் ஆமென் போடுவேன்.

பி-3 (P-3) என்று ஒன்று இருக்கிறது, பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள கலைகளுக்கு. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளைப் பாடும் குழுவாக இருந்தால், நிபுணர் கடிதமும் இசைக்கலைஞர் சங்கத்தின் கருத்துக் கடிதமும் சேர்த்து தாராளமாகக் கேட்கலாம். நாங்களோ ஆங்கில ஆராதனைப் பாட்டின் மெட்டுப் போக்கில் தமிழ் வார்த்தையைப் போட்டுப் பாடுகிறவர்கள். தபேலா பேருக்குத்தான்.

எதிர்த்திசையில் வரும் அமெரிக்க காஸ்பல் குழுக்களுக்கு நிலைமை கொஞ்சம் இலகு. பார், உணவகம் இல்லாத இடங்களில் குறுகிய நிகழ்ச்சி என்றால் கனடா பொதுவாக வேலை அனுமதி கேட்பதில்லை. அவர்கள் மாட்டுவது வேறு இடத்தில்: விற்பனைச் சட்டைகளுக்கு வரி கட்டாமல் கொண்டுவருவது, இல்லையென்றால் குழுவில் யாருக்காவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கு இருப்பது. 2018 டிசம்பருக்குப் பிறகு கனடா அதைக் கடுங்குற்றப் பட்டியலில் வைத்துவிட்டது. மனந்திரும்பிய சாட்சி மேடையில் கைதட்டல் வாங்கித் தரும், எல்லைச் சாவடியில் எடுபடாது.

இந்த மே மாதம், அன்று எங்களை அழைத்திருந்த அதே அமெரிக்கச் சபையிலிருந்து மறுபடி அழைப்பு. "மனுப் போட்டாச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி, நீங்க வாங்க" என்றார்கள். நான் வரவில்லை, நோட்டீஸில் என் படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி இரண்டு வாரமாகிறது. நேற்றும் பார்த்தேன், இடதுபக்கம் மூன்றாவதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டணம் 30 டாலர் ஆகியிருக்கிறது.