புரோநோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்
புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி 3 வருடம் தாண்டிவிட்டால் வழக்கு நிற்காது, சம்மன் வந்தாலும் கவலை வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. என் சித்தப்பா இரண்டாம் வருடம் 500 ரூபாய் வட்டி கொடுத்தபோது, கடன் கொடுத்தவர் நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காலவரம்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் 3 வருடம்! அந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால் எதிருரையிலேயே (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) மறுத்துவிட வேண்டும். அதற்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் மனது வைத்தால் 90 வரை. சித்தப்பா கோர்ட் பக்கமே போகவில்லை, அவர் இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். அவருக்கு விஷயம் உறைத்ததோ தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்றபோது.